சோஸ் போத்தலுக்குள் சோளமா வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு சமையல் பகுதியில் தக்காளிச் சோஸ் செய்முறை வந்திருந்தது. கடைசி வரியில், கோன்பிளவர், அதாவது சோளமா, கரைத்து விட்டு இறுக்கி, போத்தலில் அடைத்தால் ஆறு மாதம் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு எங்கள் வளவு மூலையில் வெட்டிய குழிதான் ஞாபகம் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் கல்முனைச் சந்தையில் தக்காளி மலிந்து கிடந்தபோது பத்துக் கிலோ வாங்கி, நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றாவது கிழமை பார்த்தால் நாலு போத்தலின் மூடி வீங்கியிருந்தது. மற்றவற்றில் மேலே தண்ணீர், கீழே களி. ருசி பார்க்கவே பயந்து எல்லாவற்றையும் புதைத்தோம்.

சோஸ் மாவால் இறுகிவிட்டால், அடைத்த போத்தலைக் கொதிதண்ணீரில் வைத்து அவிக்கும்போது அதன் நடுவுக்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது. புளிப்பும் குறைவென்றால், காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். அதன் வித்துகள் கொதிதண்ணீரிலும் சாவதில்லை. தக்காளியின் புளிப்பு அந்தக் கிருமியைத் தடுக்கும் எல்லைக் கோட்டில் நிற்பது. அதனால் அரை லீற்றர் போத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடச் சொல்கிறார்கள். அதுவும் கடையில் போத்தலில் வருகிற சாறு. வீட்டுத் தேசிக்காயின் புளிப்பு காய்க்குக் காய் மாறும்.

கனடாவில் இருக்கும் தங்கை, அங்கே இப்படி அடைப்பதற்குக் கிளியர் ஜெல் என்று மாற்றியமைத்த சோள மாப்பொருள் இருக்கிறது என்றாள். வீட்டில் 'பை' பலகாரத்துக்குள் வைக்கும் பழக்கலவையை அடைக்க அமெரிக்க விவசாயத் திணைக்களம் சொல்வதும் அதைத்தானாம். ஆனால் சமைத்து இறுக்கும் வகை மட்டும். அவள் அனுப்பிய பொதியைப் பிரித்தால் 'இன்ஸ்டன்ட்' என்று போட்டிருந்தது! அது குளிர்ந்த பாலிலேயே இறுகுவது, அடைக்க உதவாது. பேரப்பிள்ளைகளின் புடிங்கோடு தீர்ந்தது.

இப்போது சோஸைத் தண்ணியாகவே அடைக்கிறேன். திறக்கும் நாளில் ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து விட்டு, ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுவேன். அடுப்பிலேயே விட்டு அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தால் இறுகினது திரும்ப இளகிவிடும். புளி சேர்ந்தால் இன்னும் கெதியாக. கோதுமை மா என்றால் இரண்டு மடங்கு வேண்டும், மா வாசமும் போகாது. மரவள்ளி மா பளபளப்பாகச் சீக்கிரம் இறுகும், கூடிப்போனால் நூல் நூலாக இழுக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

அந்த ஒரு வரியை வரும் ஞாயிறு திருத்திப் போடுங்கள். குறிப்பைக் கத்தரித்துக் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டிவைக்கிற என்னைப் போன்றவர்கள் உங்களுக்கு நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைதீவு