திறன் கூடினால் மைலேஜ் குறைந்தே தீருமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வெளியான கட்டுரை, இஞ்சினின் திறனைக் கூட்டினால் மைலேஜ் குறைந்தே தீரும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய கார் ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டியும், என் கையாலேயே பழுது பார்த்தும் வருபவன் என்ற முறையில் அந்த வரியை என்னால் ஏற்க இயலவில்லை.

முழுத் திறன் தேவைப்படுவது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கும் சில நொடிகளில்தான். மைலேஜோ, லேசாக மிதித்தபடி சீராகச் செல்லும் நெடுநேரத்தில் முடிவாகிறது. எனவே முதலாவதைக் கூட்டுகிற ஒவ்வொரு மாற்றமும் இரண்டாவதைக் கெடுக்கும் என்று சொல்ல இடமில்லை. 1989-இல் ஹோண்டா தன் இன்டெக்ரா காரில் கொண்டுவந்த விடெக் அமைப்பு இதற்கு நல்ல சான்று. இஞ்சினின் சுழற்சி வேகம் குறைவாக இருக்கும்போது வால்வுகளை அளவாகத் திறந்து, வேகம் ஏறியதும் வால்வைத் தள்ளித் திறக்கும் வேறொரு கேம் வழியாக அவற்றை அதிக உயரத்துக்கும் அதிக நேரத்துக்கும் திறந்ததால், காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் டர்போ எதுவும் இல்லாத 1.6 லிட்டர் இஞ்சின் 160 குதிரைத்திறனைக் கொடுத்தது; அன்றாட ஓட்டத்தில் அது சாதாரண இஞ்சினைப் போலவே அடக்கமாக இருந்தது.

கார் வைத்திருப்பவர் அப்படி இஞ்சினையே மாற்றி அமைக்க முடியாது என்பது உண்மை. ஆனால், இருக்கும் திறன் எங்கே வீணாகிறது என்று அவர் தேடலாம். சில ஆண்டுகளுக்கு முன் என் காரில் பிக்கப் மந்தமாகி, மைலேஜும் இறங்கியது. பார்த்த பட்டறையில், இஞ்சினுக்குக் காற்று போதவில்லை என்று சொல்லி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவிலான திறந்த ஃபில்டர் ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். சத்தம் கூடியதே தவிர வேறு பலன் இல்லை. பிறகு ஒரு நாள் நானே காரை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியபோது அது அரைச் சுற்றுக்கூட வராமல் நின்றுவிட்டது. பிரேக் பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் துருவேறி உள்ளே திரும்ப முடியாமல் போனதால், பேடு எந்நேரமும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பெட்ரோல் செலவாகிக் கிடைத்த இழுவையில் ஒரு பங்கு அந்தச் சக்கரத்திலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த அன்றே பழைய இழுவையும் திரும்பியது. அடுத்த சில டாங்குகளில் மைலேஜும் திரும்பியது.

அந்தக் கூம்பு ஃபில்டரையும் எடுத்துவிட்டேன். ரேடியேட்டரைத் தாண்டிவரும் வெந்த காற்றைத்தான் அது உறிஞ்சியது. காற்றின் வெப்பம் 3 டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். முழு மிதியில் இஞ்சினின் திறனும் அதற்கேற்பவே குறையும். முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் பழைய பெட்டியே மேலானது.

எடையைக் குறைப்பதில் இருக்கும் ஆதாயத்தைக் கட்டுரை தொடவே இல்லை. 1,000 கிலோ எடையும் 100 குதிரைத்திறனும் உள்ள காரில் 50 கிலோவைக் குறைத்தால், பிக்கப்பைப் பொறுத்தவரை அது 105 குதிரைத்திறன் உள்ள காருக்கு நிகராகிவிடும். கூடுதலாக ஒரு சொட்டு பெட்ரோலும் செலவாகாது. 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, 1,000 கிலோவுக்கும் குறைவான எடையால்தான் 1.6 லிட்டர் இஞ்சினை வைத்துக்கொண்டு அத்தனை சுறுசுறுப்பாக ஓடியது. இதை மறந்து, அழகுக்காகக் கனமான பெரிய அலாய் வீல்களையும் அகலமான டயர்களையும் மாட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இஞ்சினைத் திறந்தே வேலை செய்ய வேண்டியிருந்தால், கம்ப்ரெஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவை, கூட்டுவதே என் தேர்வு. அதை 9-இலிருந்து 10.5-க்கு உயர்த்தினால், ஏட்டுக் கணக்கின்படி அதே எரிபொருளிலிருந்து சுமார் 4 சதவீதம் அதிக வேலை கிடைக்கும். நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறைவுதான் என்றாலும் திறனும் சிக்கனமும் ஒருசேர ஏறும் வழி இது. ஆனால் கலவை தானாகவே வெடித்துத் தட்டும் நாக்கிங் வராதபடி, அதைத் தாங்கும் தன்மையைக் குறிக்கும் ஆக்டேன் அளவு போதுமான பெட்ரோலை ஊற்றியே ஆக வேண்டும். டர்போவை நான் இந்த வரிசையில் சேர்க்கமாட்டேன். அழுத்தம் ஏறும்போது இஞ்சினைக் குளிர்விக்கவே கூடுதல் பெட்ரோல் தெளிக்க வேண்டியிருப்பதால், காலை அடக்கி ஓட்டுபவருக்கு மட்டுமே அது மைலேஜைக் காப்பாற்றும். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தங்களோ திறன், மைலேஜ் இரண்டையுமே கூட்டுவதில்லை.

இனி இத்தகைய கார்களைப் பற்றி எழுதும்போது, குதிரைத்திறனுக்குப் பக்கத்திலேயே காரின் எடை, டயரின் அகலம், கம்ப்ரெஷன் விகிதம், உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் ஆக்டேன் அளவு ஆகிய நான்கையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்