பழைய மாணவர் குழு: வால்பாறைக் காட்டுக்கு நம் பங்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க.

வால்பாறையில் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளை நாட்டு மரக்கன்று நட்டு மீட்டுவரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனோடு கைகோக்கலாம் என்று பேசியிருந்தோம் அல்லவா, அதை முடிவு செய்ய 10ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணிக்குப் பொள்ளாச்சியில் நம் பள்ளி வேப்பமரத்தடியில் கூடுகிறோம்.

போன மாதம் புதுத்தோட்டம் பக்கம் ஒரு சிங்கவால் குரங்கு, வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு, நடுரோட்டில் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டை நக்கிக்கொண்டிருந்தது. பின்னால் பஸ் ஹாரன். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு அது. சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். நாம் தின்பண்டம் வீசினால் கீழேதானே இறங்கும்?

1. வருகிறீர்களா, எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.
2. பணம் இப்போது யாருக்கும் அனுப்ப வேண்டாம். தொகையைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.
3. கன்று நட வர முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள். அட்டை கடிக்கும், முன்பே சொல்லிவிட்டேன்.
4. அதற்குள் மலை ஏறுகிறவர்கள் ஆழியாறு தாண்டியதும் கார் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். குரங்குக்கு எதுவும் தர வேண்டாம், குழந்தைகள் கேட்டாலும்.