எல்லா இயேசுவும் நல்லிணக்கத்துக்காக வரையப்பட்டவர் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் இதழில் இந்திய ஓவியர்கள் வரைந்த இயேசுவைப் பற்றிக் கட்டுரை போட்டிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். தகவல்களில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, பத்திக்குப் பத்தி 'மத நல்லிணக்கம்' வந்துகொண்டே இருந்ததுதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜாமினி ராய் இந்து, எம்.எஃப். ஹுசைன் முஸ்லிம், எஃப்.என். சோசா கிறிஸ்தவர், ஆக மூவரும் சேர்ந்து நல்லிணக்கம் வளர்த்தார்கள் என்று முடித்தால், மூன்று மதப் பெரியவர்களை மேடையில் ஏற்றிக் குத்துவிளக்கு ஏற்ற வைப்பது மாதிரி அல்லவா ஆகிவிடுகிறது? அவரவருக்கு இயேசுவிடம் அவரவர் காரியம் இருந்தது.

ஜாமினி ராயையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் ஓவியம் படித்து, ஐரோப்பிய பாணியில் உருவப்படம் வரைந்து சம்பாதித்துக்கொண்டிருந்த மனிதர், அதையெல்லாம் விட்டுவிட்டுத் வங்காளத்தில் தன் பாங்குரா பக்கத்துக் கிராமப் பொம்மைகள் பக்கமும், கல்கத்தா காளி கோயிலருகே விற்ற காளிகாட் படங்கள் பக்கமும் திரும்பினார். மண்ணிலிருந்து எடுத்த நிறம், விளக்குக் கரி, ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. சந்தால் பழங்குடிப் பெண்களும் கிருஷ்ணனும் அந்தத் தடித்த கோட்டுக்குள் சுலபமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள், ஏனென்றால் அவர்கள் அந்த மண்ணுக்காரர்கள். தன் வாழ்க்கைக்கு ரொம்பத் தூரமான ஒருவரை இந்தக் கோடு தாங்குமா என்று பார்க்கத்தான் இயேசுவை வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதாவது, தன் கோட்டுக்கு அவர் வைத்த பரீட்சை அது.

ஓவியர் கிருஷன் கன்னாவின் கதை வேறு. 1925-இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள லயால்பூரில் பிறந்தவர், பிரிவினையில் ஊரை இழந்தவர், வங்கி வேலையில் இருந்தபடியே வரைந்தவர், அந்த வேலைக்காக நம் சென்னையிலும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறார். சின்ன வயதில் அவருடைய அப்பா, இயேசு சீடர்களோடு கடைசியாக உண்ட காட்சியான லியனார்டோவின் இராவுணவுப் படத்தின் நகல் ஒன்றை மிலானிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். பிற்காலத்தில் அதே காட்சிகளை அவர் வரைந்தபோது, மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தில்லித் தெருவில் பார்க்கக் கிடைக்கிற கூலியாட்களும் நிஜாமுதீன் பக்கத்துப் பக்கிரிகளும்தான். மீன்பிடிக்கிறவர்களும் வரி வசூலிக்கிறவரும்தானே அந்தச் சீடர்கள், வேறு யாரை உட்காரவைப்பது?

ஹுசைன் வரைந்த அன்னை தெரசாவுக்கு முகமே கிடையாது, நீலக்கரைச் சேலையும் மடியில் ஒரு பிள்ளையும்தான். இறந்த இயேசுவை மடியில் கிடத்தியிருக்கும் நம் வியாகுல மாதா சுரூபத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மடி பழக்கமானது. நினைவு தெரியாத வயதிலேயே தாயை இழந்தவர் ஹுசைன். அந்த முகமில்லாமையை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

வேற்று மதத்தவர் இதை வரைவது ஒன்றும் புதிதும் இல்லை. 1580-இல் இயேசு சபைப் பாதிரிமார்கள் அக்பரின் அரண்மனைக்குப் போனதிலிருந்து முகலாய ஓவியர்கள் கையில் ஐரோப்பிய அச்சுப் படங்கள் புழங்கின. 1600-இல் அபுல் ஹசன் என்கிற சிறுவன், வயது பதின்மூன்றுகூட நிறையவில்லை, ஜெர்மன் ஓவியர் டியூரரின் சிலுவைப் படத்தில் நிற்கும் சீடர் அருளப்பரை (யோவானை) மட்டும் தனியே பிரித்து வரைந்திருக்கிறான். அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அந்தப் பையனுக்குப் பிடித்தது அருளப்பரின் போதனையா, அந்த அங்கியின் மடிப்புகளா? மடிப்புகள்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

சரி, உங்கள் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன ஆளுக்கு வருகிறேன். ஆஞ்செலோ தா ஃபொன்சேகா, 1902-இல் பிறந்த கோவா கத்தோலிக்கர். வங்காளத்துக்குப் போய் ஓவியர் அபனீந்திரநாத் தாகூரிடம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, மாதாவைக் கோவாப் பெண்ணாகச் சேலை கட்டி வரைந்தார். அவ்வளவுதான் செய்த குற்றம். போர்த்துகீசிய ஆட்சியிலிருந்த அந்த ஊரில், சொந்தச் சபைக்காரர்களே அதை ஏற்கவில்லை. புனே போய், அங்கே ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) காரர்கள் தொடங்கிய ஓர் ஆசிரமத்தில் தங்கி வரைந்தார். 1967-இல் இறந்தார். ஜாமினி ராய் இயேசுவை எப்படி வரைந்தாலும் 'ஆகா' என்றார்கள், உள்ளேயே பிறந்தவன் ஒரு சேலையை மாற்றியதற்கு ஊரைவிட்டுப் போகவேண்டியிருந்தது. இதை நல்லிணக்கத்தில் எங்கே சேர்ப்பீர்கள்? நாங்கள் வேளாங்கண்ணி மாதாவுக்குப் பட்டுச்சேலை சாத்திக் கும்பிடுகிறவர்கள், அதனால் ஃபொன்சேகாவின் கதை எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

கோவாவிலேயே பிறந்த சோசா இதற்கு நேர் எதிர். அம்மை கண்டு பிழைத்ததால் புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரைச் சேர்த்து பிரான்சிஸ் என்று வைக்கப்பட்ட பிள்ளை. அவர் 1959-இல் வரைந்த சிலுவைப்பாட்டைப் பார்த்து யாருக்கும் நல்லிணக்கம் தோன்றாது. கறுத்து, முள்முள்ளாய்ப் பிய்ந்து நிற்கிற உடம்பு. சிறுவயதில் கோயிலில் பார்த்துப் பயந்த பாடுபட்ட சுரூபத்தின் மேல் ஒருவன் வளர்ந்தபின் தீர்த்துக்கொண்ட கணக்கு என்றே எனக்குப் படுகிறது. பக்தியும் கோபமும் அதில் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

விசுவாசிகளுக்கு இந்த மாற்றம் லேசில் இறங்காது, அதையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் நீலக்கண் வைத்த திரு இருதய ஆண்டவர் படம்தான் தலைமுறை தலைமுறையாக. ஒரு தடவை ஜாமினி ராயின் இயேசுவை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதென்னடா, சேசுநாதருக்குக் கூத்துக்காரன் கண்ணு வச்சிருக்கான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை, உங்கள் கட்டுரை சொல்லாத ஒன்றை ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டார்.

அப்புறம் ஒரு வருத்தம். தமிழ்ப் பத்திரிகையில் வங்காளம், தில்லி, கோவா எல்லாம் வந்து சென்னை வராமல் போனது எப்படி? பின்னால் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1951-இலேயே 'சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்' என்ற மலைப்பிரசங்க வசனத்தைத் தலைப்பாக்கி வரைந்திருக்கிறார். சிற்பி பி.வி. ஜானகிராம், மூலவருக்குச் சாத்துகிற உலோகக் கவசம் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் தகட்டைத் தட்டி முன்பக்கம் மட்டும் தெரிகிற தன் சிற்ப முறையை உருவாக்கினார். பிள்ளையாருக்குச் செய்ததை அப்படியே கிறிஸ்துவுக்கும் செய்தார். பெருமாள் கோயில் கவசத்தின் வேலைப்பாட்டில் ஒரு கிறிஸ்து! இதைவிட்டுவிட்டு நல்லிணக்கத்துக்கு எங்கெங்கோ போய்த் தேடியிருக்கிறீர்கள்.

அடுத்த தடவை இதைப்பற்றிப் போட்டால் ஜானகிராமின் கிறிஸ்துவை முழுப்பக்கத்தில், வண்ணத்தில் போடுங்கள். இந்த முறை படங்களெல்லாம் தபால்தலை அளவுக்கு வந்திருந்தன, அத்தையிடம் காட்டினால் பூதக்கண்ணாடி கேட்டிருப்பார்.

இப்படிக்கு,
நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பழைய வாசகன்