அது விரியன் அல்ல, தண்ணீர்ப்பாம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் மூதூர்ப் பக்கத்து வெள்ளச் செய்தியோடு ஒரு படம் வந்திருந்தது. ஒரு தம்பி தடியின் நுனியில் செத்த பாம்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். கீழே ‘வெள்ளத்தோடு வந்த விரியன்’ என்று போட்டிருந்தீர்கள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். அது விரியன் அல்ல. தம்பலகாமத்தில் எங்கள் வயல் வாய்க்காலில் நாளும் பொழுதும் காண்கிற, விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பு.

கண்ணிலிருந்து வாய்ப்பக்கம் சரிந்திறங்கும் கறுப்புக் கோடுகள் படத்திலேயே தெரிகின்றன. முன்பாதி உடம்பில் கறுப்புப் பொட்டுகள், வால் பக்கம் போகப்போக மங்கிவிடும். கண்ணாடி விரியன் வேறு மாதிரி. தடித்த உடம்பு, முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி கோத்ததுபோல மூன்று வரிசை வட்டங்கள். அதன் கண்மணி பூனைக்குப்போல நெட்டுக்கு நிற்கும், தண்ணீர்ப்பாம்புக்கு வட்டமாக இருக்கும்.

பெயரும் இந்தப் பாம்புக்கு எதிரிதான். சிங்களத்தில் இதைத் ‘தியபொலங்கா’ என்பார்கள், தண்ணீர் விரியன் என்று பொருள். அதோடு, மறித்தால் கழுத்தைத் தட்டையாக்கிக்கொண்டு எழும்பும். பார்ப்பவர் நாகம் என்று நினைத்துவிடுவார். அது தப்பப் பார்க்கிற பாம்பின் கடைசி வித்தை, அவ்வளவுதான். அந்த வித்தையே அதற்கு எமனாகிவிடுகிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது குளத்துத் துருசடியில், அதாவது மதகடியில், கரப்புக் கூடை குத்தி மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். கரப்புக்குள் கையை விட்டுத் துழாவினால் விரால் என்று பிடித்தது தண்ணீர்ப்பாம்பு. பெருவிரலைக் கவ்விவிட்டது. ஊசியால் குத்தியதுபோல வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், அந்தச் சின்னக் காயத்துக்கு இவ்வளவு இரத்தமா என்று பயந்துபோனேன். அம்மப்பா பாம்பைப் பார்த்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டார். அந்தப் பாம்பை வாலில் பிடித்துத் தண்ணீருக்குள் விட்டதும் அவர்தான். “இவன் தவளை பிடிக்க வந்தவன், நீதான் குறுக்கே போனாய்” என்றார்.

அம்மப்பா சொன்னது சரி. தவளையும் மீனும்தான் இதன் சாப்பாடு, குட்டிகளுக்கு வாற்பேத்தையும். குட்டி போடுகிற இனமல்ல, முட்டையிடும். பெரும்போகத்துக்கு வரம்பு கட்டும்போது ஒருமுறை மண்வெட்டியில் ஒரு கொத்து முட்டை வந்தது. வெள்ளையாக, தோல் போல மெத்தென்று, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. மண் போட்டு மூடிவிட்டு வரம்பை ஓரடி தள்ளிக் கட்டினேன். கொக்கு, நாரை, பருந்து, கீரி என்று இதைத் தின்ன வருகிறவையும் ஏராளம். இது இல்லாமல் போனால் அவற்றுக்கும் பஞ்சம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது இலங்கைக்கு மட்டுமே உரிய இனம். உலகத்தில் வேறெங்கும் இல்லை. 1891இல் பூலஞ்சே என்ற விலங்கியலாளர் இதற்கு ஆஸ்பெரிமஸ் என்று பெயர் வைத்தார். மிகவும் சொரசொரப்பானது என்று லத்தீனில் அர்த்தம். தொட்டுப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் விளங்கும். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் ஒரு சின்ன வரம்பு ஓடும்.

அந்தச் சொரசொரப்பே இப்போது இதற்கு வினையாகிவிட்டது. குளத்தில் கிழிந்த தங்கூசி (நைலோன் நூல்) வலையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மாட்டிய மீனைத் தின்னப் போகும் பாம்பின் செதிலில் நூல் கொளுவிக்கொள்கிறது. தண்ணீரில் வாழ்ந்தாலும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர் அது, மூழ்கியே செத்துவிடும். போன மாதம் ஒரே வலையில் மூன்றைக் கண்டேன். ஒன்றில் மட்டும் உயிர் இருந்தது. பிளேட்டால் நூலை ஒவ்வொன்றாக அறுத்துவிட அரை மணித்தியாலம் ஆனது. வலைக்காரத் தம்பிமாரே, பழைய வலையைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உங்களுக்கு அது பெரிய வேலை இல்லை.

இதை எழுதுவதால் பாம்பு கடித்தால் சும்மா இருங்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வயல்களில் கண்ணாடி விரியன் உண்டு, அது ஆளைக் கொல்லும். என்ன பாம்பென்று உறுதியாகத் தெரியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடிவாயைக் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொடுக்கும், அதனால் தேவைப்பட்டவருக்கு மட்டுமே டொக்டர்மார் அதை ஏற்றுவார்கள். எது விரியன், எது தண்ணீர்ப்பாம்பு என்று ஊருக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் எவ்வளவு உதவி! எல்லாவற்றையும் விரியன் என்று சொல்லிப் பழகினால் உண்மையான விரியனை அடையாளம் காணும் கண்ணும் மங்கிவிடும்.

நாகம் ஒளிந்திருக்கும், நீர்ப்பாம்பு பயமில்லாமல் வெளியே கிடக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய பழம்பாட்டு இன்னும் நினைவிருக்கிறது. பாடியவர் குளக்கட்டில் இருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். இப்போதும் குளத்து நீர் வழிந்து வான் பாய்கிற கல்லில் அப்படித்தான் வெயில் காய்கிறது.

மாரி இன்னும் முடியவில்லை. வெள்ளம் ஏறினால் இந்தப் பாம்புகளும் மேட்டுக்குத்தான் வரும், நம் முற்றத்துக்கும் வரும். அதற்குமுன் இரண்டு பாம்புகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். முன்பக்கம் வேண்டாம், அந்தப் படம் வந்த அதே இடம் போதும்.

இப்படிக்கு,
வயல்காரர் ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை.