குகைக்குள் தேடுகிறார்கள், பட்டியல் வெளியே கிடக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க அரசியல்வாதிகள் பூமிக்கடியில் ஒயின் குகைகளில் கூடிச் சதி செய்கிறார்கள் என்று இணையத்தில் அளக்கிறார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

குகை இருப்பது உண்மைதான். 2019 டிசம்பரில், அதிபர் வேட்பாளராக நிற்கப் போட்டியிட்ட பீட் பூட்டிஜெஜ், கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் அப்படி ஒரு குகையில் நன்கொடை விருந்துக்குப் போனார். ஸ்வரோவ்ஸ்கி படிகங்கள் தொங்கும் சரவிளக்கோடு படம் வெளியே வந்ததும், டிவி விவாதத்தில் சக போட்டியாளர் எலிசபெத் வாரன் பிடித்துக்கொண்டார்: ஒயின் குகையில் உட்கார்ந்திருக்கும் பெரும் பணக்காரர்களா அதிபரைத் தேர்ந்தெடுப்பது? இந்த மேடையில் கோடீஸ்வரன் இல்லாதவன் நான் ஒருவன்தான் என்று பூட்டிஜெஜ் திருப்பிக் கொடுத்தார். வாரனும் 2018இல் பாஸ்டனில் ஒரு ஒயின் கூடத்தில் நிதி திரட்டியவர்தான், அது பிறகு செய்தியில் வந்தது. சரி, அரசியல் சண்டை அப்படித்தான் இருக்கும்.

ஆனால் இதிலிருந்து சுரங்கம், ரகசியச் சடங்கு என்று போவதுதான் தாங்க முடியவில்லை. ஒயினுக்குச் சூடு ஆகாது, மண்ணுக்கடியில் வருடம் முழுக்கக் குளிர்ச்சி ஒரே அளவில் இருக்கும், மின்செலவும் மிச்சம், அதற்காகத்தான் குகை வெட்டுகிறார்கள். நாபாவின் பழைய குகைகள் சிலவற்றை 19ஆம் நூற்றாண்டில் கையால் குடைந்தவர்கள் சீனக் கூலித் தொழிலாளர்கள். அதைப் பேச யாருக்கும் ஆர்வமில்லை. 2016இல் இப்படித்தான் வாஷிங்டனில் ஒரு பீட்சா கடையின் அடித்தளத்தில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார்கள், அதை நம்பிய ஒருவர் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்து சுட்டார். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அந்தக் கடைக்கு அடித்தளமே கிடையாது!

இத்தனைக்கும் அந்த விருந்துப் பணத்தில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. வேட்பாளருக்கு ஒருவர் ஒரு தேர்தலுக்கு அதிகபட்சம் 2,800 டாலர்தான் அப்போது கொடுக்க முடியும், 200 டாலருக்கு மேல் கொடுத்தவர் பெயரும் தொழிலும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உண்மையில் மறைந்து கிடக்கும் பணம் வேறு. 2010 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரிடம் பணம் கொடுக்காமல் தனியாகப் பிரசாரம் செய்யும் 'சூப்பர் பேக்' குழுக்கள் வரம்பே இல்லாமல் வாங்கிச் செலவழிக்கின்றன, நன்கொடையாளர் பெயரைச் சொல்லத் தேவையில்லாத அமைப்புகள் வழியாகவும் அவற்றுக்குப் பணம் வருகிறது. இதற்குச் சுரங்கம் எதற்கு, நல்ல வக்கீல் ஒருவர் போதும். அலுப்பான சட்ட விஷயம் என்பதால்தானோ என்னவோ இதை யாரும் வீடியோ போடுவதில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இப்படி ஒரு விருந்தைப் பற்றிச் செய்தி போட்டால், சரவிளக்குப் படத்துக்குக் கீழே அந்தப் பணம் யாரிடமிருந்து, எந்த வழியாக வந்தது என்றும் இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்