பஸ் ரூட்டை மாத்துறதுக்கு முன்னாடி யாருக்கு நஷ்டம்னு கணக்கு போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

சென்னையில புது பஸ் வருது, ரூட் மாறுது, டெர்மினஸ் இடம் மாறுதுன்னு எப்ப நியூஸ் வந்தாலும் அதுல எத்தனை பஸ், எத்தனை கோடி, யார் கொடியசைச்சாங்க இதுதான் இருக்கும், இதனால யாருக்கு எத்தனை நிமிஷம் கூடுது, மாசம் எவ்ளோ செலவு கூடுதுன்னு ஒரு வரி இருக்காது. உங்க பேப்பரை மட்டும் சொல்லல, எல்லா பேப்பரும் டிவியும் அப்படித்தான். அந்தக் கணக்கு வெளிய வந்தாதானே நீங்களும் போடுவீங்க. அதை வெளிய வர வைக்கணும்னுதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு, வெட்டணும்னா அமெரிக்கா கதையை வெட்டுங்க, ஓஎம்ஆர், அதாவது பழைய மகாபலிபுரம் ரோட்டுக் கதையை வெட்டாதீங்க.

கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், எல்லாம் ஓஎம்ஆர் பக்கம் இருக்கிற குடிசை மாற்று வாரியக் குடியிருப்புங்க. இந்த ஏரியாக்கள்ல இருக்கவங்கள்ல பெரும்பாலானவங்க அங்க போகணும்னு ஆசைப்பட்டுப் போனவங்க இல்ல. 2000-ல இருந்து கண்ணகி நகருக்குக் கொண்டு போனாங்க, 2004 சுனாமிக்கு அப்புறம் செம்மஞ்சேரிக்கு, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு ஓரத்துலயும் கூவம் ஓரத்துலயும் இருந்தவங்களை பெரும்பாக்கத்து எட்டு மாடி பிளாக்குக்கு. கண்ணகி நகர்ல மட்டும் 15 ஆயிரத்துக்கு மேல வீடு. குடிசை மாற்று வாரியம்னு இருந்த பேரை 2021-ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்தினாங்க, சரி நல்ல பேருதான். ஆனா வீட்டை மாத்தினவங்க வேலையை மாத்தித் தரலையே, வேலை இன்னமும் மயிலாப்பூர்லயும் மந்தைவெளியிலயும் சிந்தாதிரிப்பேட்டையிலயும்தான் இருக்கு, போக இருபது இருபத்தஞ்சு கிலோமீட்டர். அதனால அங்க இருந்து கிளம்புற பஸ்ஸை நான் அரசாங்கம் கொடுக்குற சலுகையா பாக்கல, அந்த வீட்டோட சேர்ந்த ஒரு பாகம்தான் அது, தண்ணி கனெக்‌ஷன் மாதிரி.

எங்க அபார்ட்மெண்டுக்கு சமையல் வேலைக்கு வர்ற அக்கா ஒருத்தங்க அந்தப் பக்கம்தான். ஸ்டாப்ல நிக்கறப்போ அவங்க முதல்ல பாக்குறது ரூட் நம்பரை இல்லயாம், பஸ்ஸோட மூஞ்சிக் கலரைத்தானாம். பிங்க் அடிச்சிருந்தா பொண்ணுங்களுக்கு ஓசி, சாதா பஸ்னு அர்த்தம். வேற கலர்ல டீலக்ஸ் வந்தா விட்டுடணும், ஏசி வந்தா கேக்கவே வேணாம். "ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு மூணாவதுல ஏறினா இங்க ஆறரைக்கு வர வேண்டியது ஏழாயிடும், ஏழுக்கு வந்தா அந்த வீட்டம்மா மூஞ்சைப் பாக்க முடியாது, லேட்டாகிற அன்னைக்கு டீலக்ஸ்ல காசு குடுத்து வந்துடுவேன்"னாங்க. இதை அவங்க புகாரா சொல்லல, ரொம்ப சாதாரணமா மழை வந்தா குடை எடுப்பேங்கிற மாதிரிதான் சொன்னாங்க. எனக்குத்தான் அப்புறம் ஒரு விஷயம் உறைச்சுது. ரூட் நம்பர் அப்படியே இருக்கும், டைமிங் அப்படியே இருக்கும், மொத்த பஸ் எண்ணிக்கை அதிகமாக் கூட ஆகியிருக்கலாம், ஆனா அதுல எத்தனை சாதா எத்தனை டீலக்ஸ் எத்தனை ஏசிங்கிற விகிதம் மாறினாலே அந்த அக்காவுக்கு அது சர்வீஸ் கட்தான். பேப்பர்ல பாத்தா ஒண்ணுமே மாறலன்னு இருக்கும்.

சாதா பஸ்ல பொண்ணுங்க ஓசியில போற இந்த மகளிர் விடியல் பயணம் 2021 மே மாசம் ஆரம்பிச்சது, நாட்டுக்கே முன்மாதிரின்னு நானும் சொல்லுவேன், திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட அப்புறம் நீட்டினாங்க. மாநிலத் திட்டக் குழு ஆய்வு பண்ணி ஒரு பொண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு சொன்னாங்க. அப்போ அந்தத் திட்டம் எவ்ளோ பெருசோ அதே அளவுக்கு சாதா பஸ் எந்த ரூட்ல எத்தனை மணிக்கு ஓடுதுங்கிறதும் பெருசுதானே, பஸ் வந்தாதானே அந்த 888. 2025 ஆகஸ்ட்ல பெரும்பாக்கம் டெப்போவுல 135 எலக்ட்ரிக் பஸ் விட்டாங்க, அதுல 55 ஏசி. தாழ்தள பஸ் வந்தது ரொம்ப நல்லது, வீல்சேர்ல இருக்கவங்களும் முட்டி வலிக்காரங்களும் எத்தனை வருஷமா கோர்ட் வரைக்கும் போய் கேட்டது அது. ஏசி பஸ்ஸும் வரட்டும், ஐடி கம்பெனிக்குப் போறவங்க காரை விட்டுட்டு அதுல ஏறினா ரோடு காலியாகும். ஆனா ஏசியில விடியல் பயணம் கிடையாது. டெப்போ இருக்கிறது பெரும்பாக்கத்துல, அந்தப் பெரும்பாக்கத்துக்காரங்களுக்கு இந்தக் கலவையால என்ன கூடுச்சு என்ன குறைஞ்சதுன்னு ஒரு பக்க பேப்பராவது வெளியிட்டா என்ன?

ரூட்டை மாத்துறப்போ பொதுவா எதைப் பாப்பாங்கன்னு பஸ் பக்கம் வேலை பாத்தவங்களைக் கேட்டா ஒரே வார்த்தைதான் வரும், கலெக்‌ஷன். எந்த சிங்கிள்ல, அதாவது ஒரு தடவை போற டிரிப்ல, கலெக்‌ஷன் இல்லையோ அது முதல்ல போகும். நைட்டு ஒன்பதரைக்கு மேல ஓடுற ஒரு சிங்கிள்ல பன்னண்டு பேர்தான் வர்றாங்கன்னு வைங்க, கலெக்‌ஷன் பிரகாரம் அது வேஸ்ட். ஆனா அந்த பன்னண்டு பேர் யாரு, ஆஸ்பத்திரி ஆயா, கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவிட்டு வர்றவங்க, ஷிஃப்ட் முடிச்ச செக்யூரிட்டி, ஜவுளிக்கடை சேல்ஸ் பொண்ணு. அந்த பஸ் போனா ஷேர் ஆட்டோ ரெண்டு மாறி இருட்டுல வரணும், இல்ல அந்த வேலையே வேணாம்னு விடணும். அதுலயும் பாதிப் பேர் பொண்ணுங்கன்னா அவங்க டிக்கெட் ஜீரோ டிக்கெட், அப்போ எந்த ரூட்ல ஓசி டிக்கெட் ஜாஸ்தியோ அந்த ரூட்ல கையில வர்ற காசு கம்மியாத்தானே தெரியும், அரசாங்கம் அந்தக் காசை வேற வழியில ஈடு கட்டினாலும் பையில இருக்கிறதை மட்டும் பாத்தா ஏழைங்க ரூட்தான் எப்பவும் நஷ்ட ரூட்.

அமெரிக்காவுல இதுக்குன்னு ஒரு ரூல் போட்டாங்க. 1964-ல வந்த சிவில் உரிமைச் சட்டத்தோட ஆறாவது பிரிவு, மத்திய அரசு காசு வாங்குற எவரும் இனம் நிறம் பிறந்த நாடு பாத்து பாகுபாடு காட்டக்கூடாதுங்குது. அதை வச்சு பொதுப் போக்குவரத்துக்கு 2012-ல விலாவாரியா விதி எழுதியிருக்காங்க, 2 லட்சம் பேருக்கு மேல இருக்கிற நகரத்துல பீக் நேரத்துல 50 பஸ்ஸுக்கு மேல ஓட்டுற நிறுவனம் பெரிய மாத்தம் எதுவும் பண்றதுக்கு முன்னாடியோ டிக்கெட் விலை ஏத்துறதுக்கு முன்னாடியோ அது கருப்பின மக்களையும் மத்த சிறுபான்மையினரையும் ஏழைங்களையும் மத்தவங்களை விட ஜாஸ்தி பாதிக்குதான்னு கணக்கு போட்டு, மக்கள்கிட்ட காட்டி, பாதிக்குதுன்னா மாத்து வழி யோசிக்கணும்னு. சும்மா பேப்பர்ல இருக்கிற ரூல்னு நினைக்காதீங்க, 2010-ல கலிஃபோர்னியாவுல ஓக்லண்ட் ஏர்போர்ட்டுக்கு ரயில் இணைப்பு போடப் போன நிறுவனம் இந்தக் கணக்கை ஒழுங்கா போடலன்னு மத்திய அரசு 7 கோடி டாலரை நிறுத்திடுச்சு. (அப்புறம் வேற காசுல அந்த லைன் வந்துச்சு, அது வேற கதை.) அதுக்கும் முன்னாடி 1994-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பஸ் கட்டணத்தை ஏத்தி மாசப் பாஸையும் எடுக்கப் பாத்தப்போ பஸ்ல போறவங்க சங்கமே கோர்ட்டுக்குப் போச்சு, ரயிலுக்குக் கொட்டுற காசுல பஸ்காரங்களுக்கு என்ன மிஞ்சுதுன்னு கேட்டாங்க, 1996-ல உடன்படிக்கை ஆகி பாஸ் தப்பிச்சது, நெரிசலைக் குறைக்க பஸ்ஸும் வாங்க வேண்டியதாச்சு.

அங்கயும் ஓட்டை இல்லாம இல்ல. எது "பெரிய" மாத்தம்னு அந்த நிறுவனமே முடிவு பண்ணலாம், 25 சதவீதம்னு வரம்பு வச்சுக்கிட்டு 24 வெட்டினா கணக்கே போட வேணாம். ஸ்டாப்பைச் சுத்தி கால் மைலுக்கு வட்டம் போட்டு அதுக்குள்ள எத்தனை பேர்னு எண்றது இன்னொரு வழக்கம். அதை அப்படியே தூக்கிட்டு வந்து ஓஎம்ஆர்ல வட்டம் போட்டீங்கன்னா ஒரே வட்டத்துக்குள்ள ரெண்டு கார் நிக்கிற கேட்டட் கம்யூனிட்டியும் வரும், வாரியக் குடியிருப்பும் வரும், சராசரி பாத்தா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு வரும். அதனால இங்க கணக்கு போட்டா வட்டத்தை விட்டுட்டு ஆளைப் பிடிச்சுப் போடணும். பெரும்பாக்கத்து பிளாக்ல இருந்து காலையில ஆறரைக்குள்ள மந்தைவெளி போக மாத்தத்துக்கு முன்னாடி எத்தனை நிமிஷம், எத்தனை பஸ் மாறணும், எத்தனை ரூபா, மாத்தத்துக்கு அப்புறம் எவ்ளோ. அவ்ளோதான், இதுக்கு பெரிய கன்சல்டன்ட் எல்லாம் வேணாம்.

முன்னாடியே கணக்கு போடாததால என்ன ஆகும்னு நாம பாத்திருக்கோம். 2023 ஆகஸ்ட்ல பீச் - எழும்பூர் நாலாவது லைன் போடறதுக்காக பறக்கும் ரயிலை சிந்தாதிரிப்பேட்டையோட நிறுத்தினாங்க, ஏழு மாசம்னாங்க, திரும்ப பீச் வரைக்கும் ஓடினது 2024 அக்டோபர் கடைசியில, பதினாலு மாசம். நடுவுல இருக்கிறது பார்க் டவுனும் கோட்டையும், பார்க் டவுன்ல இறங்கினா எதிர்ல ஜிஎச். வேளச்சேரி பக்கத்துல இருந்து ஜிஎச்சுக்கு டயாலிசிஸுக்கோ கீமோவுக்கோ போறவங்க, பாரிஸ் கார்னர்ல மூட்டை தூக்கப் போறவங்க, இவங்களுக்குத்தான் அந்தக் கடைசி மூணு ஸ்டேஷன் இல்லாமப் போச்சு. நாலாவது லைன் வேணாம்னு யாரும் சொல்லல. அதனால வெளியூர் ரயில்ல போறவங்களுக்கு லாபம், சீசன் டிக்கெட்டை கையில வச்சிருந்தவங்களுக்கு கூட ஒரு பஸ் செலவோ ஆட்டோ செலவோ. இந்தக் கொடுக்கல் வாங்கலை யாராவது எழுதி வச்சிருந்தா ஏழு மாசம் பதினாலானப்போ கேள்வி கேக்க ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

கிளாம்பாக்கம் பஸ் டெர்மினஸும் அப்படித்தான். 2023 டிசம்பர் 30 திறந்து கொஞ்ச நாள்லயே தென்மாவட்ட பஸ்ஸை அங்க மாத்தினாங்க, கோயம்பேடு நெரிசல் குறையணும்தான், ஆனா பக்கத்துல ரயில்வே ஸ்டேஷன் வரதுக்கு முன்னாடியே டெர்மினஸ் வந்துடுச்சு. திருவொற்றியூர்க்காரருக்கு அது நாப்பது கிலோமீட்டருக்கு மேல. கேப் புக் பண்றவருக்கு அது எரிச்சல், கட்டைப் பையோட அம்மாவைக் கூட்டிட்டுப் போறவருக்கு அது பாதி டிக்கெட் காசு. வடசென்னைக்காரங்க சத்தம் போட்ட பிறகு மாதவரத்துல இருந்தும் கொஞ்சம் தென்மாவட்ட பஸ் விட்டாங்க. அதே பஸ்ஸை முதல் நாளே விட்டிருக்கலாமே.

பஸ்ஸை ஓட்டுறவங்க பக்கமும் கஷ்டம் இருக்கு, டீசல் விலை, டிரைவர் கண்டக்டர் பத்தாக்குறை, மெட்ரோ பள்ளத்தால ஒரு சிங்கிள் முடிக்கவே ரெண்டு மணி நேரம், இதெல்லாம் எனக்குத் தெரியும். எந்த ரூட்டையும் தொடாதீங்கன்னு நான் கேக்கல, தொடுறதுக்கு முன்னாடி சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். அதையும் வெப்சைட்ல இங்கிலீஷ் பிடிஎஃப் போட்டு பதினஞ்சு நாளைக்குள்ள ஈமெயில் அனுப்புங்கன்னா வேலைக்காகாது, வீக்டேல பதினோரு மணிக்கு மீட்டிங் வச்சா வேலைக்குப் போறவங்க எப்படி வருவாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பிளாக்குக்குக் கீழ டேபிள் போட்டு உக்காருங்க, ரெண்டு மணி நேரத்துல மொத்த ரூட்டும் டைமிங்கோட சொல்லிடுவாங்க.

இப்ப அவசரமா இதை எழுதக் காரணம் மெட்ரோ. ரெண்டாம் கட்டம் மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல, அதுல மாதவரம் - சிறுசேரி சிப்காட் லைனோட தெற்குப் பகுதி ஓஎம்ஆர் மேலதான் வருது. அது முழுசா ஓட ஆரம்பிச்சா அடுத்து என்ன நடக்கும்னு ஊகிக்கிறது கஷ்டமில்ல, ஓஎம்ஆர் மேல சிட்டிக்குள்ள நேராப் போற 102 மாதிரி பஸ்ஸெல்லாம் மெட்ரோவுக்குப் போட்டியா ஓடுது, அதை வெட்டி ஸ்டேஷனுக்கு ஃபீடரா விடலாம்னு யாராவது ஃபைல் எழுதுவாங்க. மேப்ல பாக்க ரொம்ப அழகா இருக்கும், நேரம் கூட குறையும். ஆனா இன்னைக்கு ஜீரோ டிக்கெட்ல போயிட்டு வர்ற அக்காவுக்கு ஃபீடர் ஓசி, மெட்ரோ காசு. இப்ப ஓடுற மெட்ரோவுல குறைஞ்சது 10 ரூபா, அதிகபட்சம் 50. போக ஒரு தடவை வர ஒரு தடவை, மாசம் இருபத்தாறு நாள், நீங்களே பெருக்கிப் பாருங்க, 888 எங்க போச்சுன்னு தெரியும்.

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதான் கும்டா, அதுக்கு 2010-லயே சட்டம் போட்டாங்க, பஸ் ரயில் மெட்ரோ மூணையும் சேர்த்துப் பாக்கத்தான் அதுவே இருக்கு, 2025-ல சென்னை ஒன் ஆப்பையும் கொண்டு வந்தாங்க. இந்த யாருக்கு நஷ்டம் கணக்கையும் அவங்களே எடுத்துக்கலாம். ஓஎம்ஆர்ல முதல் மெட்ரோ ஓடுறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே எந்தெந்த பஸ்ஸை வெட்டப் போறாங்க, வாரியக் குடியிருப்புல இருந்து போறவங்களுக்கு நிமிஷம் எவ்ளோ ரூபா எவ்ளோன்னு தமிழ்ல வெளியிடணும், விடியல் பயணம் மெட்ரோவுக்கும் வருமா இல்ல சாதா பஸ் ஓஎம்ஆர்ல தொடருமான்னும் அப்பவே சொல்லணும். உங்க நிருபர் அடுத்த பிரஸ் மீட்ல இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, என்ன பதில் வந்தாலும் அப்படியே போட்டீங்கன்னா போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவான்மியூர், சென்னை