தோட்டத்து முக்கில் நிற்கும் கட்டை வீடு

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்திய படத்தையும் பார்த்தேன். மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம். இங்கே எல்லோரும் நலம். எனக்குச் சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

தோட்டத்துப் பாதை முக்கிலிருந்த அந்தக் கட்டை வீடு இன்னும் நிற்கிறதா என்று கேட்டிருந்தாய். நிற்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், ரப்பர் பால் கொட்டகையை இடித்தார்கள், கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். அதை மட்டும் யாரும் தொடவில்லை. யாருடையது என்று தெரிந்தால்தானே இடிக்க உத்தரவு வாங்க முடியும்!

போன ஞாயிற்றுக்கிழமை பாராங்கத்தியோடு போய்ப் புதரை வெட்டி உள்ளே நுழைந்தேன். ஊரில் மற்ற பழைய வீடெல்லாம் பலகை அடித்தவை. இது முழுக் கட்டைகளை அடுக்கி மூலையில் வெட்டிப் பூட்டியது. கரையான் பிடித்த நம் மண்ணில் இத்தனை காலம் நிற்கிறதென்றால் செங்கால் என்கிற அந்த வைரம் பாய்ந்த காட்டு மரமாகத்தான் இருக்க வேண்டும். கீறிப் பார்த்தேன், கத்திதான் மழுங்கியது.

அது கள்ளுக்கடை என்று டீக்கடையில் சத்தியம் செய்கிறார்கள். சாலைப் பக்கச் சுவரில் நெஞ்சுயரத்தில் நீளமாக ஒரு துவாரம் இருக்குமே, அதன் வழியாகத்தான் விற்றார்களாம். அதில் கையை விட்டுப் பார்த்தேன். விரல்களை மடக்கினால் கை நுழையவில்லை. கள்ளுக் கோப்பை எப்படி நுழையும்? அதோடு துவாரம் உள்ளே அகலமாகவும் வெளியே ஒடுங்கியும் செதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே நிற்பவன் இடமும் வலமும் பார்க்கலாம். வெளியே நிற்பவனுக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. கள் விற்கிறவனுக்கு இந்த ஒளிவு மறைவு எதற்கு?

அது காவல் கொட்டகை என்பது என் கட்சி. 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்ப் பக்கம் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வாரமே நாடு முழுவதும் அவசரகாலம். 1960 ஜூலை வரை நீடித்தது. தோட்டங்களுக்கு முள்வேலியும் சிறப்புக் காவலர்களும் வந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்களை வாசலிலேயே தடவிப் பார்த்து அனுப்பினார்கள். கடையில் மத்திமீன் டப்பா வாங்கினால் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், பதுக்கி வைக்க முடியாதபடி. அந்த ஓட்டையை நினைத்து என் அம்மா கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார்.

டீக்கடைக்காரர்களும் முழுப் பொய் சொல்லவில்லை. பின்சுவரில் பிற்பாடு அறுத்துத் திறந்த ஒரு ஜன்னல் இருக்கிறது, கீழே சாமான் வைக்கப் பலகையும் உண்டு. காவலர்கள் போனபின் கள் வந்திருக்கலாம்.

உன் பெரியப்பா சொன்ன கதையைத்தான் என்னால் சுலபமாக ஒதுக்க முடியவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்த ஆட்களை லாரி வரும்வரை அங்கேதான் அடைத்து வைத்தார்கள் என்பாரே. 1942, 43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. போன தோட்டத்துத் தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆனால் இந்த வீடு சிமெண்டுக் கால்களின்மேல் நிற்கிறது. உடுத்தத் துணியில்லாமல் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், ஆள் அடைக்கும் கொட்டகைக்குச் சிமெண்டு யார் கொடுத்திருப்பார்? அதே இடத்தில் முன்பு வேறொரு அத்தாப்பு ஓலைக் கொட்டகை இருந்து, பெரியப்பா அதைச் சொன்னாரோ என்னவோ.

தோட்டத்து ஆட்களின் வேலையும் கூலியும் எழுதிய செக்ரோல் புத்தகங்கள் இருந்தால் ஒரு பக்கத்தில் விவரம் தெரிந்துவிடும். அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்கினார். நம் தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸ் தாளெல்லாம் யார் வீட்டு அடுப்புக்குப் போயிற்றோ.

உன் அத்தை கிள்ளானில்தானே இருக்கிறார்? எண்பது தாண்டிவிட்டது, வழக்கம்போல் தள்ளிப்போடாதே. முள்வேலிக் காலத்தில் சிறுமியாக இருந்தவர். இரண்டே கேள்வி கேள்: அரிசிக்குச் சோதனை போட்டது அந்த வீட்டு வாசலிலா, வேறெங்குமா? அதற்கு முன்னால் அந்த முக்கில் என்ன இருந்தது? அவர் சொன்னதை அப்படியே எழுது, உன் சரக்கைச் சேர்க்காதே. சாலையை அகலப்படுத்தச் சிவப்பு மையால் அடையாளம் போட்டுவிட்டார்கள், சீக்கிரம் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்